பள்ளிக்கு ஏற்ற கலைத்திட்ட மாதிரியைத் தேர்ந்தெடுப்பதும் மதிப்பிடுவதும்

கலைத்திட்டத்தை, அதாவது எதை எந்த வரிசையில் கற்பித்து எப்படி மதிப்பிடுவது என்ற பள்ளியின் திட்டத்தை, மாற்றியமைக்க வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலான பள்ளிகளில் மே மாதத்தில்தான் எழுகிறது. தேர்வு முடிவுகள் வந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான புத்தகப் பட்டியலை உடனே முடிவு செய்ய வேண்டியிருக்கும். தாளாளரின் மேசையில் இரண்டு மூன்று நிறுவனங்களின் வண்ணக் கையேடுகள் கிடக்கும். அந்த அவசரத்தில் கூடும் கூட்டம், கலைத்திட்டத்தை வகுக்கும் முறைகளில் "எந்த மாதிரி சிறந்தது?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விடுகிறது. பல ஆண்டுகள் இத்தகைய கூட்டங்களில் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. நம் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள், அந்த இடத்தைச் சீர்செய்ய நாம் எங்கிருந்து திட்டமிடத் தொடங்க வேண்டும் என்று கேட்டால் மட்டுமே மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு நமக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் ஒரு நடுத்தரப் பள்ளியை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். பிற வாரியப் பள்ளிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நம் கையில் இருப்பது எவ்வளவு

முதல் வேலை எல்லையை அறிவது. 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வந்த பிறகு, மாநில வாரியத்தின்கீழ் உள்ள பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் பாடநூலும் பொதுவானவை. அவற்றை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வகுக்கிறது. பள்ளி மாற்ற இயலாது. ஆனால் பாடநூல் என்பது கலைத்திட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை, எதை எதனோடு சேர்த்து நடத்துவது, பிள்ளை எதைச் செய்தால் கற்றுவிட்டான் என்று கொள்வது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு எந்தப் பணிகளைத் தருவது, பின்தங்கியவருக்கு எப்போது மறுபடி வாய்ப்பளிப்பது ஆகியவை பெரும்பாலும் பள்ளியின் கையிலேயே உள்ளன. 'எங்களுக்கு எதிலும் உரிமை இல்லை' என்று ஆசிரியர்கள் சொல்லும்போது, இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அவர்கள் முன் வையுங்கள்.

அடுத்ததாக நேரத்தைக் கணக்கிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், 6 முதல் 8 வரை 220 நாள்களும் 1,000 மணி நேரமும் வேண்டும். 40 நிமிடப் பாடவேளையாகக் கொண்டால் ஆறாம் வகுப்பின் 1,000 மணி நேரம் 1,500 பாடவேளைகளாகும். தாளில் இது பெரிய எண். ஆண்டு விழா ஒத்திகை, விளையாட்டு விழா, பருவத் தேர்வு, மழை விடுமுறை, ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாள் என்று கழித்துக்கொண்டே வந்தால் கைக்கு எட்டுவது வேறோர் எண். சென்ற ஆண்டின் பாடக்குறிப்பேட்டையும் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, கணிதத்திற்கு உண்மையில் கிடைத்த பாடவேளைகளை எண்ணுங்கள். எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் அது அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும்.

பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

மாதிரிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரே ஒரு பிற்பகலை நோட்டுகளுக்கு ஒதுக்கக் கோருகிறேன். ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நான்காவது பெயரையும் எடுத்து, அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேர்வை ஆசிரியரிடம் விட்டால், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அழகான கையெழுத்துள்ள பத்து நோட்டுகளே வரும்.

அப்படி ஒரு பிற்பகலில் நான் கண்டதை இங்கே சொல்வது பொருத்தம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் 1/4 + 1/2 = 2/6 என்று எழுதியிருந்தது. அவளை அழைத்து, "கடையில கால் கிலோ ஒரு பொட்டலம், அரை கிலோ ஒரு பொட்டலம் வாங்குற, மொத்தம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். "முக்கால் கிலோ சார்" என்றாள், யோசிக்கவே இல்லை. நோட்டைக் காட்டி, "இங்க என்ன எழுதியிருக்க?" என்றேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அது கணக்கு சார்" என்றாள்.

அந்தப் பதிலில் ஒரு பள்ளியின் கலைத்திட்டப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருந்தது. அவளுக்குப் பின்னம் தெரியும். கால், அரை, முக்கால் என்று நம் மொழி அதை நாவிலேயே பதிய வைத்திருக்கிறது. பள்ளி கற்றுக்கொடுத்த குறியீடு அந்த அறிவைத் தொடாமல் தனியாக நின்றது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டினாள். கையிலிருந்த அரையோடு காலைச் சேர்த்த பிறகு கிடைத்த 2/6, அந்த அரையை விடவும் சிறியது என்பது அவள் கண்ணில் படவில்லை. அந்த வகுப்பில் இதே தவறு பல நோட்டுகளில் இருந்தது. எனவே அது பிள்ளையின் தவறு அன்று, நாங்கள் பாடத்தை வடிவமைத்ததில் இருந்த தவறு.

மாதிரிகள் எங்கிருந்து தொடங்குகின்றன

கல்வியியல் பட்டப் படிப்பில் மாதிரிகளைப் படம் போட்டுப் பெட்டிகளாகவும் அம்புக்குறிகளாகவும் படித்திருப்போம். பள்ளியில் தேர்வு செய்யும்போது ஒவ்வொன்றும் திட்டமிடலை எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். மேலே சொன்ன பின்னக் கணக்கையே ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இல் முன்வைத்த முறை நோக்கத்திலிருந்து தொடங்குகிறது. பள்ளி எந்த நோக்கங்களை அடைய விரும்புகிறது, அவற்றுக்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் உதவும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது என்ற நான்கு கேள்விகளே அதன் எலும்புக்கூடு. இன்று நாம் எழுதும் பாடக்குறிப்பும், பாடநூலின் 'கற்றல் விளைவுகள்' பகுதியும் இதன் வழித்தோன்றல்கள். 'வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவர்' என்று நோக்கம் எழுதி, மீச்சிறு பொது மடங்கு காணும் வழியைக் கற்பித்து, பத்துக் கணக்குகள் கொடுத்துச் சோதித்தால் டைலரின் வரிசை நிறைவேறிவிடும். ஒழுங்கே இல்லாத பள்ளிக்கு, அதாவது 'அ' பிரிவில் ஒன்றும் 'ஆ' பிரிவில் வேறொன்றும் நடக்கும் பள்ளிக்கு, இது பெரிய நன்மை செய்யும். ஆயினும் நோக்கத்தைக் குறுக்கி எழுதினால் கற்றலும் குறுகிவிடும் என்பதற்கு அந்த மாணவியின் நோட்டே சான்று.

ஹில்டா டாபா 1962-இல் விளக்கிய முறை இதைத் தலைகீழாக்கியது. கலைத்திட்டம் மேலிருந்து வருவதற்குப் பதிலாக, கற்பிக்கும் ஆசிரியரே பிள்ளைகளின் தேவையைக் கண்டறிந்து, ஓர் அலகைத் தாமே வடிவமைத்து, வகுப்பில் சோதித்து, திருத்தி, அப்படிப்பட்ட அலகுகள் சேர்ந்த பிறகே பெரிய சட்டகத்தை உருவாக்க வேண்டும் என்றார். டாபாவின் வழியில் போனால் அந்த மாணவி சொன்ன 'முக்கால் கிலோ' நம் பாடத்தின் முதல் வரியாகும். கால், அரை, முக்கால், அரைக்கால் என்று வாயால் கூட்டி, பிறகு காகிதத்தை மடித்து, அதன் பிறகே குறியீட்டுக்கு வருவோம். ஆசிரியர்கள் நிலையாக இருக்கும் பள்ளிக்கும், கூடிப் பேசும் பழக்கம் உள்ள பள்ளிக்கும் இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆண்டுதோறும் பாதி ஆசிரியர்கள் மாறும் பள்ளியில் இது தொடக்கத்திலேயே கலைந்துவிடும்.

கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998-இல் வெளியிட்ட பின்னோக்கு வடிவமைப்பு, முடிவிலிருந்து தொடங்குகிறது. என்ன புரிதல் வேண்டும் என்று தீர்மானித்ததும், பாடத்தைத் திட்டமிடுவதற்கு முன்பே, அப்புரிதலுக்கு எது சான்று என்று எழுத வேண்டும். அதன் பிறகே கற்பித்தல். 'ஒரு மாணவன் 1/4 + 1/2 = 2/6 என்று எழுதியிருக்கிறான். விடையைக் கணக்கிடாமலே அது தவறு என்று அவனுக்குப் புரிய வை' என்ற பணியைச் சான்றாக வைத்துக்கொண்டால், நடத்தும் பாடமே மாறிவிடும். ஆசிரியர்கள் கடுமையாக உழைத்தும் பிள்ளைகளுக்குப் புரிதல் இல்லாத இடங்களில் இது கைகொடுக்கும். நல்ல சான்றுப் பணி ஒன்றை உருவாக்குவது கடினம். தொடக்கத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு பாடத்தில் மூன்று அலகுகளுக்கு மேல் முயல வேண்டாம்.

ஜெரோம் புரூனர் 1960-இல் எடுத்துரைத்த சுருள் அமைப்பை ஒரு வகுப்பு ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது. அடிப்படைக் கருத்து ஒன்றுக்குப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாக வர வேண்டும் என்பதே அதன் சாரம். இதற்கு மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதம் எடுக்கும் அனைவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். எங்கள் பள்ளியில் அப்படி அமர்ந்தபோது, பின்னத்தை வட்டமாக வரைந்து வண்ணம் தீட்டும் வேலை தொடர்ந்து மூன்று வகுப்புகளில் நடப்பதும், எண்கோட்டில் பின்னத்தைக் குறிக்கும் வேலைக்கு ஒருவருமே நேரம் ஒதுக்காததும் தெரியவந்தது. சுருள் என்று பெயர் வைத்துவிட்டு ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

விளைவை முன்கூட்டியே வரையறுக்காமல் கற்கும் போக்குக்கு மட்டும் நெறி வகுக்கும் செயல்முறை மாதிரியை லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் வாதிட்டார். அதைக் கணிதத்திற்குப் பரிந்துரைக்க மாட்டேன். இலக்கியத்தில் நிலைமை வேறு. ஒரு சங்கப் பாடலைப் படித்த பிள்ளைகள் என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே விளைவாக எழுதிவைப்பது அந்தப் பாடலுக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநீதி. மொழி, வரலாறு, கலை ஆகியவற்றில் விவாதம் எப்படி நடக்க வேண்டும், சான்றை எப்படிக் கையாள வேண்டும் என்ற நெறிகளை வகுத்துவிட்டு, விளைவைத் திறந்து வைக்கும் துணிவு வேண்டும். ஆகவே ஒரு பள்ளி முழுமைக்கும் ஒரே மாதிரி என்ற பிடிவாதம் தேவையில்லை.

பொருத்தம் பார்ப்பது

மாதிரியின் கருத்து நல்லதாக இருப்பது போதாது. அது கேட்கும் பொருளையும் பழக்கத்தையும் பள்ளி தர முடியுமா என்று பார்க்க வேண்டும். நம் மாநிலத்திலேயே இதற்குச் செழிப்பான எடுத்துக்காட்டு உண்டு. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையை அடியொற்றி, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பாடம் ஏணிப்படிகளாகவும் அட்டைகளாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது. அதற்காகச் சுவரின் அடிப்பகுதியில், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. அந்தத் தாழ்ந்த கரும்பலகையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: ஒரு கலைத்திட்ட மாதிரி உண்மையாக நடைமுறைக்கு வந்தால் சுவர், அட்டைகளை வைக்கும் தட்டு, நேரம், ஆசிரியர் உட்காரும் இடம் அனைத்தும் மாறும். இவை எதுவும் மாறாமல் ஒரு மாதிரி வந்துவிட்டது என்று அறிக்கை எழுதப்பட்டால் அதை நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கும்போதும் இதே கேள்வி எழுகிறது. ஒரே பாடவேளையில் மூன்று நிலைகளுக்கும் பணி கொடுக்க ஆசிரியருக்கு முந்தைய நாள் தயாரிப்பு நேரம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரத்திற்கு 45 மணி நேரம் என்று சொல்லும்போது, தயாரிப்பு நேரத்தையும் அதில் சேர்த்தே சொல்கிறது. உங்கள் கால அட்டவணையில் அந்தத் தயாரிப்பு நேரம் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாவிட்டால், எந்தப் புதிய மாதிரியையும் தொடங்காதீர்கள்.

விற்பனைக்கு வரும் தொகுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளி, பயிற்சிநூல், காணொளி, தேர்வுத்தாள் அனைத்தும் அடங்கிய 'ஒருங்கிணைந்த கலைத்திட்டம்' ஒன்றை ஒரு நிறுவனத்திடம் வாங்கியது. அதன் அலகு வரிசை மாநிலப் பாடநூலின் பருவ வரிசையோடு பொருந்தவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஆசிரியர்கள் இரண்டையும் நடத்தி முடிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் பை கனத்ததைத் தவிர வேறு எதுவும் கூடவில்லை. அன்று நாங்கள் கேட்கத் தவறிய கேள்விகளை நீங்கள் கேளுங்கள். ஒரு முழு அலகை, ஆசிரியர் கையேட்டோடு, முன்கூட்டியே படிக்கத் தருவார்களா? அதை மாற்ற ஆசிரியருக்கு உரிமை உண்டா? பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? இந்த மூன்றாவது கேள்விக்குப் பக்க எண்ணோடு விடை வராவிட்டால், அது கலைத்திட்டம் அன்று, அச்சிட்ட பயிற்சித்தாள்கள்.

ஓர் அலகு, ஒரு வகுப்பு, ஆறு வாரம்

தேர்ந்த மாதிரியைப் பள்ளி முழுவதும் ஜூன் மாதத்தில் தொடங்குவது வழக்கம். அவ்வாறு செய்யாதீர்கள். ஒரு பாடத்தில் ஓர் அலகை மட்டும், விருப்பத்தோடு முன்வரும் இரண்டு ஆசிரியர்களிடம் ஒப்படையுங்கள். தொடங்கும் முன்பே இரண்டு வரிகளை எழுதி அனைவரும் கையொப்பமிட வேண்டும்: எதைக் கண்டால் தொடர்வோம், எதைக் கண்டால் நிறுத்துவோம். முடிவு வந்த பிறகு அளவுகோலை வகுத்தால், செலவழித்த பணமும் உழைப்பும் நம்மை அறியாமலே அதை வளைத்துவிடும்.

நடக்கும்போது செய்யும் மதிப்பீடும் முடிந்தபின் செய்யும் மதிப்பீடும் வேறு வேறு என்று 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் பிரித்துக் காட்டினார். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று இன்று பிள்ளைகளுக்கு நாம் பயன்படுத்தும் இச்சொற்கள், முதலில் கலைத்திட்டத்தை மதிப்பிடுவதற்காகவே பிறந்தன. எனவே இரண்டாம் வாரத்திலேயே ஒருமுறை கூடிப் பேசி, திருத்த வேண்டியதைத் திருத்திவிடுங்கள். சோதனை என்பதற்காகத் தவறான பாடத்தை ஆறு வாரமும் பிள்ளைகள் தாங்க வேண்டியதில்லை.

மதிப்பீட்டில் எதைப் பார்ப்பது

டேனியல் ஸ்டஃபில்பீம் வகுத்த சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என்ற நான்கு கூறுகள் பள்ளிக்கு எளிதில் பொருந்துபவை. மதிப்பீடு நிரூபிப்பதற்காக அன்று, மேம்படுத்துவதற்காக என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. முதல் இரண்டையும், அதாவது தேவையையும் வளத்தையும், மேலே பார்த்துவிட்டோம். பள்ளிகள் பெரும்பாலும் கடைசிக் கூறுக்கு நேராகத் தாவி, தேர்வுச் சராசரியை மட்டும் ஒப்பிட்டு முடித்துவிடுகின்றன. அதனால் மாதிரி தோற்றதா, அது வகுப்பறைக்குள் நுழையவே இல்லையா என்று தெரியாமல் போகிறது.

செயல்முறையை அறிய மூன்று தடயங்களை ஒப்பிடுங்கள்: திட்டத்தில் எழுதியது, வகுப்பில் நடந்தது, பிள்ளையிடம் சேர்ந்தது. முதலாவது பாடக்குறிப்பேட்டில் இருக்கும். இரண்டாவதற்கு, சக ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் பேசினார்கள், எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்று குறித்தால் போதும். மதிப்பெண் போடும் படிவம் வேண்டாம், அது ஆசிரியரை நடிக்க வைக்கும். மூன்றாவதற்கு, மறுபடியும் அதே நான்காவது பெயர் முறையில் நோட்டுகள்.

விளைவைப் பார்க்கும்போது சராசரியை ஒதுக்கிவைத்து, வினாவாரியாகவும் தவறின் வகைவாரியாகவும் எண்ணுங்கள். பின்னக் கூட்டலில் தவறியவர்களில் எத்தனை பேர் மேலும் கீழும் தனித்தனியே கூட்டினார்கள், எத்தனை பேர் பெருக்கலில் மட்டும் பிழை செய்தார்கள் என்பது தெரிந்தால், அடுத்த ஆண்டு எதை மாற்ற வேண்டும் என்பது தானே தெளிவாகும். அலகு முடிந்து ஆறு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றி ஐந்தே வினாக்களை மீண்டும் கேளுங்கள். அலகுத் தேர்வில் பளிச்சிட்டுப் பிறகு மறைந்துவிடும் கற்றல் எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை நான் கண்டதில்லை.

இணைப் பிரிவோடு ஒப்பிடுவதில் கவனம் தேவை. 'அ' பிரிவில் புதிய முறை, 'ஆ' பிரிவில் பழைய முறை என்று வைத்தால், நாம் ஒப்பிடுவது பல நேரங்களில் இரண்டு ஆசிரியர்களைத்தான். அலகுக்கு முன் இரு பிரிவுகளுக்கும் ஒரே முன்தேர்வு வைத்து, உயர்வை மட்டும் ஒப்பிடுவது ஓரளவு நியாயமானது. அப்போதும் அதை ஆசிரியரின் பணித் தரமாகக் கொள்ள மாட்டோம் என்று தலைமை ஆசிரியர் முன்கூட்டியே எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதி இல்லாத பள்ளியில் எந்த ஆசிரியரும் உண்மையான மதிப்பெண்ணைத் தரத் துணிய மாட்டார்.

செயல்திட்டங்களைச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு கேள்வி: அதைச் செய்தது யார்? 2012-13-இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பிள்ளை வகுப்பில் செய்து காட்டுவதற்கு மதிப்பளித்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பணியை வீட்டுக்கு அனுப்பிய இடங்களில் இரவு பத்து மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டினார். அச்சிட்ட படங்கள் கடையில் விலைக்குக் கிடைத்தன. வகுப்பறைக்குள், ஆசிரியரின் கண்முன், பாடவேளைக்குள் செய்து முடித்த பணியை மட்டுமே கலைத்திட்டத்தின் சான்றாகக் கொள்ளுங்கள்.

பிள்ளைகளையும் கேளுங்கள். 'பாடம் பிடித்திருந்ததா' என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றே சொல்வார்கள். 'எந்த இடத்தில் புரியாமல் போனது, அப்போது நீ என்ன செய்தாய்' என்று கேட்டால் பயனுள்ள பதில்கள் வரும். பெற்றோரின் கருத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மட்டும் கேட்டால், வேலைக்குப் போகும் பெற்றோர் விடுபட்டுவிடுவர். மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்ல வரும்போது வாசலில் நின்று கேட்பது நல்லது.

முடிவெடுக்கும் கூட்டத்தைத் தேர்வு முடிவு வரும் மாதத்தில் வைக்காமல் பிப்ரவரியில் வைத்தால், புத்தகப் பட்டியலுக்கும் கால அட்டவணைக்கும் முன்னரே வழி தெளிந்துவிடும். தொடக்கத்தில் கையொப்பமிட்ட இரண்டு வரிகளை அக்கூட்டத்தில் முதலில் வாசியுங்கள். தொடர்வது என்றாலும் நிறுத்துவது என்றாலும் இரண்டு பக்கத்துக்கு மிகாத பதிவு ஒன்றை எழுதிக் கோப்பில் வையுங்கள்: எந்தத் தேவைக்காகத் தொடங்கினோம், எந்த மாதிரியை எப்படி மாற்றிப் பயன்படுத்தினோம், எத்தனை பாடவேளை உண்மையில் ஆனது, எந்தத் தவறு குறைந்தது, எது குறையவில்லை. அதோடு பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்கள் சிலவற்றின் நகல்களையும் பெயரை மறைத்து இணையுங்கள். பணியிட மாறுதலில் ஜூன் மாதம் புதிதாக வரும் கணித ஆசிரியரிடம் பாடநூலோடு அந்தக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.